பருப்பு மலிவு, தேங்காயும் கேஸும்தான் காசு

திருகோணமலை உவர்மலையில் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் இளம் தாய் கேட்டிருக்கிறார்: "ரீச்சர், மாமியோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர். வாடைக்காலம் தொடங்கினால் மீன் விலை கிட்ட நெருங்க முடியாது. அதனால் பருப்பு, கடலை (கொண்டைக்கடலை), பயறு என்று சமைத்துச் செலவைக் குறைக்கப் பார்க்கிறேன். ஆனால் மாதக் கடைசியில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. பிள்ளைகள் 'திரும்பவும் பருப்பா?' என்று முகம் சுளிக்கிறார்கள். கடலை சாப்பிட்டால் மாமிக்கு வயிறு ஊதுகிறது. ரின்னில் வருகிற கடலை, பீன்ஸ் வாங்கினால் லாபமா?"

பிள்ளை, காசு மிஞ்சாததற்குக் காரணம் பருப்பு இல்லை. ஒரு நாள் பருப்புக் கறிக்கு என்னென்ன போனது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்து பேருக்கு 250 கிராம் மைசூர்ப் பருப்பு, பாதித் தேங்காய், எண்ணெய், வெங்காயம், பச்சைமிளகாய், கேஸ். தேங்காய் விலை ஏறிக் கிடக்கும்போது அந்தப் பாதித் தேங்காயே பருப்பை விடக் கூட வந்துவிடுகிறது. கடலையில் கதை வேறு. முதல் நாள் ஊறப்போட மறந்துவிட்டு, பின்னேரம் அவசரமாக அடுப்பில் வைத்தால் இரண்டு மணித்தியாலம் போனாலும் அவியாது. ஆகவே எந்தக் கடையில் பருப்பு பத்து ரூபாய் குறைவு என்று அலைவதை விட, தேங்காயையும் கேஸையும் இறுக்கிப் பிடித்தால்தான் காசு கையில் நிற்கும்.

சத்துக் குறைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். வேகவைக்காத மைசூர்ப் பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம்தான். பயறும், கௌபி என்கிற தட்டைப்பயறும் பருப்புக்குச் சமம், கடலை கொஞ்சம் குறைவு, 20 கிராம் அளவில் வரும். இந்தப் புரதத்தில் ஒரு பகுதி குறை. அந்தக் குறை அரிசியில் இல்லை. அரிசியில் குறைகிற லைசின் என்கிற புரதக் கூறு பருப்பில் தாராளம். சோறும் பருப்பும், புட்டும் கடலையும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்ளும். நான் மனைப்பொருளியல் படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், "அப்ப எங்கட அம்மம்மாவுக்கு இது முதலே தெரியுமா?" என்று கேட்பார்கள். தெரிந்துதான் இருந்திருக்கும், பெயர் மட்டும் தெரியாது.

சரி, முதலில் பருப்பு.

மைசூர்ப் பருப்புக்கு ஊறல் தேவையில்லை. தண்ணீர் தெளியும் வரை கழுவி, பருப்பைப் போல மூன்று மடங்கு தண்ணீர் விட்டு, மஞ்சள், நாலு பல் உள்ளி, அரைவாசி வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். நுரை பொங்கும், மூடியைச் சரித்து வைத்தால் போதும். கொதி வந்ததும் நெருப்பைக் குறையுங்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் பருப்பு மலர்ந்துவிடும். இந்த இடத்தில்தான் எல்லோரும் தேங்காய்ப்பாலை எடுக்கிறார்கள். எடுக்காமல், அடுப்பை நிறுத்திவிட்டு அகப்பையின் பின்பக்கத்தால் பருப்பில் மூன்றில் ஒரு பங்கைச் சட்டியின் ஓரத்தில் வைத்து மசியுங்கள். மசிந்த பருப்பு மிச்சத் தண்ணீரோடு சேர்ந்து தடித்து, பால் விட்டதைப் போலவே வரும். உப்புப் போட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, சின்னச்சீரகம், செத்தல் மிளகாய், கருவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். தாளிதம் சட்டியில் விழுந்தவுடன் மூடிவிட வேண்டும், வாசம் உள்ளேயே நிற்கும். கடைசியாகத் தேசிப்புளி. அடுப்பில் இருக்கும்போது விட்டால் கைத்துப்போகும், இறக்கின பிறகு விடுங்கள். தேசிப்புளி ருசிக்கு மட்டும் இல்லை. பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். அதே காரணத்துக்காகச் சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கிற பழக்கத்தை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். தேத்தண்ணீர் அந்த இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தேங்காய்ப்பால் இல்லாமல் மாமி சாப்பிட மாட்டார் என்றால் அதற்கும் வழி உண்டு. ஒரு நாளைக்குத் துருவுகிற தேங்காயை ஒரே கறிக்குச் செலவழிக்காதீர்கள். முதற்பாலை மரக்கறிக்கோ சொதிக்கோ வைத்துவிட்டு, அடுத்துப் பிழிகிற கப்பிப்பாலைப் பருப்புக்கு எடுங்கள். பிழிந்த பூவையும் கொட்ட வேண்டாம். ரொட்டி மாவோடு குழைத்துவிடலாம். இன்னொன்று, அவித்த பருப்பு முழுவதற்கும் பால் விடாதீர்கள். அன்றைக்குச் சாப்பிடுகிற அளவைப் பிரித்தெடுத்து அதற்கு மட்டும் விடுங்கள். திருகோணமலை வெயிலில் தேங்காய்ப்பால் விட்ட பருப்பு மத்தியானம் சமைத்தால் இரவுக்குப் புளித்துவிடும். வெறும் பருப்பாக பிரிஜில் வைத்தால் மூன்று நாள் நிற்கும். எத்தனை வீட்டில் பாதிச் சட்டி பருப்பு காலையில் வாளிக்குப் போகிறது! அந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பிள்ளைகளின் 'திரும்பவும் பருப்பா' என்ற முறைப்பாட்டுக்கு வேறு பருப்பு வாங்கத் தேவையில்லை. இதே பருப்பில் ஒரு நாள் முருங்கையிலை இரண்டு பிடி போட்டுக் கடையுங்கள், இன்னொரு நாள் பசளி, இன்னொரு நாள் பழப்புளியும் உள்ளியும் மிளகும் சேர்த்து ரசம் போலத் தண்ணியாக. முருங்கையிலை நம்முடைய ஊரில் காசு கொடுத்து வாங்குகிற சாமான் இல்லை. வேலிக்கு அங்கால் கேட்டால் ஒரு கிளையே முறித்துத் தருவார்கள்.

இனிக் கடலை. இதில்தான் கேஸ் மிச்சம் பிடிக்க இடம் கூட. இரவு படுக்கப் போகும்போது கடலையைக் கழுவி, நாலு மடங்கு தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஊறவிடுங்கள். உப்புப் போட்டால் அவியாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பிழை. ஊறல் தண்ணீரில் இருக்கிற உப்பு தோலை இளக்கிவிடும். அவியவிடாமல் பிடிப்பது புளிதான். தக்காளி, பழப்புளி, தேசிக்காய் எதுவானாலும் கடலை நசியத் தொடங்கின பிறகுதான் சட்டிக்குள் போக வேண்டும். தண்ணீரும் ஒரு காரணம். கடற்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடினதாக இருந்தால் கடலை கல்லுப் போலக் கிடக்கும். அப்படியானவர்கள் ஊறவிடவும் அவிக்கவும் குழாய்த் தண்ணீர் எடுங்கள். அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் அவியும்தான். ஆனால் பி1 விற்றமின் அழிந்துபோகும், சவர்க்காரம் கலந்தது போல ஒரு ருசியும் வரும். நான் போடுவதில்லை.

காலையில் ஊறல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள். பிறஷர் குக்கர் இருந்தால் ஒரு விசில் வந்ததும் நெருப்பை ஆகக் குறைத்துப் பதினைந்து நிமிடம், அதன் பிறகு நிறுத்திவிட்டுத் தானாக ஆவி அடங்க விடுங்கள். அவசரப்பட்டு விசிலைத் தூக்கிவிடாதீர்கள், அந்த ஆவியிலும் கடலை அவிகிறது. குக்கர் இல்லாத வீட்டுக்கு, 2022 இல் கேஸுக்கு வரிசையில் நின்ற காலத்துப் புத்தி ஒன்று இருக்கிறது. ஊறிய கடலையைத் தடித்த சட்டியில் போட்டு பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். மூடியைத் திறக்காமல் இறக்கி, காட்போட் பெட்டிக்குள் வைத்து, பழைய போர்வையால் நாலு பக்கமும் இறுக்கிச் சுற்றுங்கள். இரண்டு, மூன்று மணித்தியாலம் கழித்து எடுத்தால் சட்டி இன்னும் சூடாகவே இருக்கும், கடலையும் முக்கால் பதம் வந்திருக்கும். திரும்ப அடுப்பில் ஏற்றி, கொதி வந்த பிறகு கால் மணித்தியாலம் போதும். அந்தக் கடைசிக் கொதியை மட்டும் தவறவிடக் கூடாது. வெதுவெதுப்பாகக் கிடந்த சாப்பாட்டை அப்படியே சாப்பிடுவது நல்லதில்லை.

அரைக் கிலோ கடலையை ஒரே தடவையில் அவியுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் வரும். அதை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு அன்று பின்னேரம், டச்பே கடற்கரையில் வண்டியில் விற்பது போல, கடுகும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் கருவேப்பிலையும் தாளித்துப் பிரட்டி, மேலே தேங்காய்ச் சொட்டு நாலைந்து. பிள்ளைகளுக்கு இதைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தால் கொறிக்கக் கடையில் பக்கெற் வாங்குகிற காசு மிஞ்சும். இரண்டாவது பங்கு அடுத்த நாள் புட்டுக்குக் கறி: வெங்காயம் வதக்கி, கறித்தூள் போட்டு, கடலையில் ஒரு பிடியை அரைத்துக் குழம்பில் கரைத்துவிட்டால் பால் இல்லாமலே தடித்து வரும். மூன்றாவது பங்கு பிரிஜில் இருக்கட்டும், கத்தரிக்காயோ வாழைக்காயோ சமைக்கிற நாளில் அதோடு சேருங்கள். அவித்த தண்ணீரை மட்டும் கொட்டாதீர்கள். மிளகும் உள்ளியும் இடித்துப்போட்டு ரசம் வைக்க அதை விட நல்ல தண்ணீர் கிடையாது.

பயறு பற்றிக் கொஞ்சம். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்குகிற வீடுகளில் கிழமைக்கு இரண்டு நாளாவது அவித்த பயறு வைக்கலாம். ஊறப்போடாவிட்டாலும் அரை, முக்கால் மணித்தியாலத்தில் அவியும், இரண்டு மணித்தியாலம் ஊறினால் இன்னும் கெதி. பெரியவர்களுக்குக் கட்டைச்சம்பலும் ஒரு கரண்டி தேங்காய்ப்பூவும். பிள்ளைகளுக்குச் சர்க்கரையைத் துருவித் தூவுங்கள். ஆடிப்பிறப்புக் கொழுக்கட்டையின் உள்ளுடனை மட்டும் வழித்துத் தின்கிற பிள்ளை எந்த வீட்டில்தான் இல்லை? அந்த உள்ளுடனையே கொஞ்சம் இறுக்கமாகச் செய்து, ரொட்டிக்குள் வைத்துச் சுட்டுக் கொடுங்கள். பள்ளிக்குக் கட்டிக் கொடுக்கவும் வசதி. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்புக் கஞ்சிக்குப் பயறு போடுகிற வீடுகள் உண்டு. மழை நாளில் இரவுச் சாப்பாட்டுக்கு அந்த மாதிரிக் கஞ்சி ஒன்று வைத்துப் பாருங்கள், அரிசி ஒரு பங்கு, பயறு அரைப் பங்கு, இஞ்சி, உள்ளி, ஒரு துண்டு றம்பை இலை. ஒரே சட்டி, ஒரே அடுப்பு.

முளை கட்டுவதானால் நம்முடைய சூட்டில் ஒரு நாள் காணும். எட்டு மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணீர் வடித்து, ஈரத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள், காலையும் மாலையும் கழுவுங்கள். கழுவாவிட்டால் மணக்கத் தொடங்கும். முளைப்பயறு நல்லது என்று பச்சையாகச் சாப்பிடச் சொல்வார்கள். முளைக்கிற ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தமானவை. வதக்கியோ அவித்தோதான் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

கௌபியைப் பலர் மதிப்பதில்லை. எனக்கென்றால் கடலையை விடக் கௌபிதான். ஊறினால் கடலையை விடச் சீக்கிரம் அவியும், குழம்பில் போட்டால் தன்னுடைய மாவாலேயே தடிக்கும். கௌபியும் பூசணிக்காயும், அல்லது கௌபியும் கத்தரிக்காயும் பழப்புளி விட்டுக் குழம்பு வைத்துவிட்டால் பக்கத்தில் இன்னொரு கறி தேவையில்லை. வாடைக்காலத்தில் கடலுக்குச் சிறு வள்ளங்கள் போகாத கிழமைகளில் மீன் வாசம் இல்லாமல் சோறு இறங்காதவர்கள் வீட்டில் இருந்தால், நெத்தலிக் கருவாடு ஒரு பிடியைச் சுடுதண்ணீரில் அலசி, பொரித்து, கடைசியாக அந்தக் குழம்பில் போடுங்கள். ஐந்து பேருக்கும் ஒரு பிடி போதும். கருவாட்டில் உப்பு இருப்பதால் குழம்பின் உப்பை முதலே குறைத்துக்கொள்ளுங்கள்.

உழுந்து மலிவுச் சமையலுக்குரியது அல்ல. வடையும் உழுத்தங்களியும் வெள்ளிக்கிழமைக்கும் விசேஷத்துக்கும் இருக்கட்டும். தோசை ஆசைக்கு வேறு வழி இருக்கிறது: மைசூர்ப் பருப்பு ஒரு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு, மூன்று மணித்தியாலம் ஊறவிட்டு, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், உப்போடு கொஞ்சம் கரகரப்பாக அரையுங்கள். புளிக்க வைக்கத் தேவையில்லை. வெங்காயமும் முருங்கையிலையும் அரிந்து கலந்து, தடிப்பாக வார்த்து, மூடிச் சுடுங்கள். ஓரம் சிவந்து மொறுமொறுவென்று வரும். சம்பல் இல்லாமலே சாப்பிடலாம், அதாவது இன்னொரு தேங்காய் மிச்சம்.

சோயாமீற் பற்றியும் கேட்பீர்கள். எண்ணெய் எடுத்த சோயாமா அது, புரதத்தில் குறை சொல்ல முடியாது. கூட வருகிற தூள் பக்கெற்றில்தான் உப்பும் சுவையூட்டியும். அந்தத் தூளை விட்டுவிட்டு, சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, வீட்டுக் கறித்தூளில் சமையுங்கள்.

மாமியின் வயிற்றுக்கு வருவோம். கடலையிலும் கௌபியிலும் நம்முடைய குடலால் செரிக்க முடியாத சில சர்க்கரை வகைகள் இருக்கின்றன. அவை பெருங்குடலுக்குப் போய் அங்கிருக்கிற நுண்ணுயிர்களால் நொதித்துக் காற்றாகின்றன. ஊறல் தண்ணீரைக் கொட்டினால் அதில் ஒரு பங்கு போய்விடும். நன்றாக நசிய அவிக்க வேண்டும், அரைவேக்காட்டுக் கடலைதான் வயிற்றைப் படுத்தும். இஞ்சி, உள்ளி, பெருங்காயம் சேர்ப்பது நம்முடைய வழக்கம், விடாதீர்கள். எல்லாவற்றையும் விட, மாமிக்கு முதலில் பயறும் பருப்பும் கொடுத்துப் பழக்கி, கடலையை இரண்டு மேசைக்கரண்டி அளவில் தொடங்குங்கள். சில கிழமைகளில் வயிறு பழகிவிடும். ஒன்று மட்டும்: மாமிக்குச் சிறுநீரக வருத்தம் இருந்தால் இவ்வளவு பருப்பும் கடலையும் சரிவருமா என்று கிளினிக்கில் கேட்ட பிறகு கொடுங்கள், அப்படியானவர்களுக்குப் புரதத்துக்கும் பொட்டாசியத்துக்கும் கட்டுப்பாடு இருக்கும்.

வாங்குவதில் இரண்டு விஷயம். மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் கனடாவில் இருந்தும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் கப்பலில் வருகிறது. டொலர் ஏறினால் அதுவும் ஏறும், 2022 இல் பார்த்தோமே. பயறும் கௌபியும் நம்முடைய மண்ணிலும் விளைகிறவை. பெரும்போகம் முடிந்து மாசி, பங்குனியில் புதுசு வரும்போது மத்திய வீதிப் பக்கத்து மொத்தக் கடைகளில் விசாரித்து இரண்டு, மூன்று கிலோவாக வாங்குங்கள், பக்கத்து வீட்டோடு சேர்ந்து பங்குபோட்டால் இன்னும் நல்லது. புதுசு என்றால் சீக்கிரம் அவியும். கடையில் வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்த பயறு எவ்வளவு கொதித்தாலும் நசியாது, விலை குறைத்துத் தந்தாலும் கேஸில் அந்தக் காசு போய்விடும். கையில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்: நிறம் மங்கி, குண்டூசித் துளை தெரிந்தால், அடியில் மா போலத் தூள் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் சுளகில் பரப்பி ஒரு நாள் நல்ல வெயில் காட்டி, ஆறின பிறகு இறுக்கமான போத்தலில் அடையுங்கள். சூட்டோடு அடைத்தால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மழைக்காலத்தில் வெயில் இல்லையென்றால் பொதியோடு பிரிஜின் ஐஸ் பெட்டிக்குள் நாலைந்து நாள் வைத்தெடுங்கள், வண்டின் முட்டையும் செத்துப்போகும்.

ரின் கடலை லாபமில்லை. ரின்னில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர், மீதிதான் கடலை. அதே காசுக்கு உலர்ந்த கடலை வாங்கி அவித்தால் பல மடங்கு வரும். திடீரென்று விருந்தாட்கள் வருகிற நாளுக்கு ஒன்று அலுமாரியில் இருக்கட்டும். திறந்ததும் தண்ணீரை வடித்துக் கழுவினால் உப்புக் குறையும். ஆனால் சிவப்பு பீன்ஸ், ராஜ்மா என்று விற்கிறார்களே, அதை உலர்ந்ததாக வாங்கினால் கவனம். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் இருக்கிறது, அரைவேக்காட்டில் நாலைந்து விதை தின்றாலே சத்தியும் வயிற்றோட்டமும் வரும். இரவு முழுக்க ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் தளதளவென்று கொதிக்க விட்ட பிறகுதான் நெருப்பைக் குறைக்க வேண்டும். மேலே சொன்ன போர்வை வித்தையை இந்த பீன்ஸுக்கு மட்டும் செய்யாதீர்கள், குறைந்த சூட்டில் அந்த நச்சு அழியாது. ரின்னில் வருகிற பீன்ஸ் ஏற்கெனவே அவித்தது, அதில் இந்தப் பயம் இல்லை.